மித்ராவுக்கு நாங்கள் போட்ட பவுடர்

எங்கள் மையத்தில் மாதத்துக்கு இரண்டு டப்பா பவுடர் தீரும். பிள்ளைகள் காலையில் வந்ததும் மூக்கைத் துடைத்து, முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து வரிசையாக உட்காரவைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. செஞ்சி டவுனில் இப்படி ஒரு அங்கன்வாடி உண்டா என்று நினைத்துக்கொள்வேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், ரிடையர் ஆன டீச்சரான என்னை ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நான் அந்தப் பவுடரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். ஒரு குழந்தைக்கு நடந்த கெடுதலை அந்தப் பவுடரை வைத்து ஒரு வருஷம் மூடி மறைத்தவள் நான்.

பயிற்சியில் உங்களுக்கு அறிகுறிகளையெல்லாம் சொல்லியிருப்பார்கள். காரணம் தெரியாத காயம், தீராத பசி, அழுக்கு, பெரியவர் கை ஓங்கினால் சுருண்டுகொள்வது, எடை இறங்குவது. நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அந்த அறிகுறிகளில் பாதியைத் தினம் காலையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவதே நம் வேலையாக இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மையத்தில் நாங்கள் இரண்டே பேர். நான் டீச்சர். மல்லிகா உதவியாளர். பிள்ளைகளுக்கு அவள் 'ஆயா'. வாசலில் நின்று அவள் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டால் கோட்டை மலை ஒரு தரம் திருப்பிச் சொல்லும். எனக்கு ஒரு பழக்கம் உண்டு: யாராவது ருசியாக ஒரு வார்த்தை சொன்னால் அதை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொள்வேன். அந்த முடிச்சில் பாதி மல்லிகா சொன்னவை.

மித்ராவை எங்களிடம் கொண்டுவந்து விட்டபோது அவளுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. அம்மா சுகன்யாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் விடியும்போதே வந்துவிடும், திரும்பி வர ஏழரை ஆகிவிடும். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். காலையில் வண்டியை விட்டு இறங்காமலே குழந்தையை வாசலில் இறக்கிவிடுவார். மதியத்துக்கு மேல் வந்து அதே மாதிரி ஏற்றிக்கொண்டு போவார். ஹாரன் அடித்தால் நாங்கள் கொண்டுபோய் ஏற்றிவிட வேண்டும்.

முதல் நாளே மல்லிகா அவள் தலையைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இந்தப் புள்ள தலையில பேனுங்க ஆதாரு, ரேஷன் கார்டு எல்லாம் வாங்கிடுச்சு. லேசுல காலி பண்ணாது" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். மல்லிகா அன்றைக்கே சீப்பும் எண்ணெயுமாக உட்கார்ந்துவிட்டாள். கவுன் ஈரமாக, வாடை அடித்தபடி வரும். மையத்தில் ஒரு டிரங்குப் பெட்டியில் பழைய துணி வைத்திருந்தோம், அதிலிருந்து மாற்றுவோம். பசியோ பசி. முட்டை போடும் நாளில் மற்ற பிள்ளைகள் மஞ்சள் கருவை எடுத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது இவள் தன் முட்டையை இரண்டு வாயில் முடித்துவிட்டு, பக்கத்துத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கேட்க மாட்டாள், பார்ப்பாள். அன்றைக்கு யாராவது வராமல் இருந்தால் அந்த முட்டை மித்ராவுக்கு.

மதியத்துக்கு மேல் ஹாரன் அடிக்கும்போது மித்ரா தலைவாரி, பொட்டு வைத்து, வயிறு நிறைந்து கண்காட்சிப் பொம்மை மாதிரி போவாள். மறுநாள் காலையில் பழையபடி வருவாள். மல்லிகா துண்டை எடுப்பாள். இப்படியே பதினொரு மாதம்.

எங்களுக்கு எங்கள் மேலேயே பெருமை. 'பெற்றவள் செய்யாததை நாம் செய்கிறோம்' என்று பேசிக்கொள்வோம். பெற்றவள் ஏன் செய்யவில்லை என்று ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை.

இனி வருவதுதான் நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியது. மாதாமாதம் எடை போடுகிறோம் இல்லையா? வளர்ச்சி அட்டையில் குழந்தை சரியான எடைக்கான பச்சை நிறத்தில் இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். மஞ்சளுக்கு இறங்கினால் மீட்டிங்கில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். மித்ரா எப்போதும் எல்லைக்கோட்டில் இருப்பாள். அதனால் அவளை மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு, கவுனும் கொலுசுமாகத் தராசில் ஏற்றுவேன். அப்படியும் கொஞ்சம் குறைந்தால் என் பேனா நிரப்பிவிடும். வீடு பார்த்து எழுதும் நோட்டு ஒன்று உண்டு. பிள்ளைகளை மல்லிகாவிடம் விட்டுவிட்டுக் காலையில் சுகன்யா வீட்டுக்கு நான் போகும் நேரத்தில் அவள் கம்பெனியில் இருப்பாள். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்து, எல்லா வீட்டுக்கும் எழுதுகிற அதே வரியை எழுதிவிடுவேன்: 'தாய் குழந்தையை நன்கு கவனிக்கிறார். வீடு சுத்தமாக உள்ளது.' ஞாயிற்றுக்கிழமை அவளைத் தெருவில் பார்க்கும்போது கையெழுத்து வாங்கிக்கொள்வேன். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சிரித்துக்கொண்டே போடுவாள்.

மே மாதம் மையத்துக்குப் பதினைந்து நாள் லீவு விட்டார்கள். செஞ்சி வெயில் உங்களுக்குத் தெரியும், சுற்றியிருக்கும் பாறையெல்லாம் நம் மேலேயே திருப்பி ஊதும். நானும் நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன்.

திறந்த அன்று காலையில் ஹாரன் சத்தம் கேட்டது. வண்டி போய்விட்டது. மித்ரா உள்ளே வரவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றிருந்தாள்.

கழுத்து எலும்பு எண்ணும்படி இருந்தது. தலையில் பேன் கடித்துப் புண். இடது கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து, அதன்மேல் யாரோ பற்பசையைத் தடவி, அது காய்ந்து வெடித்து, ஈ மொய்த்தது. மல்லிகாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கை தன்னால் போய்த் துண்டையும் குவளையையும் எடுத்துவிட்டது.

"மல்லிகா, இரு. தண்ணி ஊத்தாத" என்றேன்.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? புள்ள நாறுது."

"நாறட்டும். நர்ஸ் வந்து பாக்கட்டும். வெளில இருந்து இன்னும் ரெண்டு கண்ணு பாக்கட்டும்."

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு குழந்தையைக் கழுவாமல் வைத்திருந்தது அன்றைக்குத்தான். கிராம நர்ஸுக்குப் போன் போட்டேன், உடனே வருவதாகச் சொன்னார். மித்ராவை மடியில் வைத்துக்கொண்டு சாதம் ஊட்டினேன். நாலு வாய் போன பிறகு, "கால்ல இன்னாடா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

"குக்கரு."

நான் அடுத்த வாய் ஊட்டினேன். அவளாகவே சொன்னாள்: "அம்மா கம்பெனி. நைனா வண்டி. கதவு பூட்டு. டிவில எல்லாரும் இருப்பாங்க. கரண்டு போனா எல்லாரும் போயிடுவாங்க டீச்சர்."

தொலைக்காட்சியில் வரும் பொம்மைகள்தான் அவளுக்கு 'எல்லாரும்'. லீவு நாட்களில் பகல் முழுக்க அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மையம் நடந்த நாட்களிலும், அப்பா ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து அம்மா வருகிற ஏழரை வரை அந்தப் பூட்டுத்தான். நாங்கள் தலைவாரி, பொட்டு வைத்து அனுப்பியது அந்தப் பூட்டுக்குள்ளேதான்.

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீர்கள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால், குழந்தை நம் முகத்தைப் பார்த்து நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லத் தொடங்கிவிடும். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, நேரத்தைக் குறித்துவைத்தேன்.

மல்லிகா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு சாயங்காலம் அந்தக் கம்பெனி பஸ்ஸ நடு ரோட்டுல மறிக்கிறேன் பாருங்க. அவள இறக்கி நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு சோறு எறங்கும்."

நானும் பழைய ஆளாக இருந்தால் கூடப் போயிருப்பேன். நம் தெரு, நம் பிள்ளை, நாமே பேசி முடித்துவிடலாம் என்றுதான் நமக்குத் தோன்றும். உட்கார்ந்து யோசித்தேன். நாம் போய்க் கத்தினால் அவர்கள் நாளைக்குக் குழந்தையை அனுப்ப மாட்டார்கள். பூட்டு அப்படியே இருக்கும், பார்க்க நாம் இருக்க மாட்டோம்.

குழந்தைகளுக்காக உதவி கேட்கும் போன் நம்பர் எங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அதன்மேல் நாங்கள் ஜவுளிக் கடை காலண்டரை மாட்டியிருந்தோம். காலண்டரைக் கழற்றி நம்பரைப் பார்த்து அடித்தேன். அந்தப் பக்கம் எடுத்ததும் பயந்து வைத்துவிட்டேன். மல்லிகா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மிஸ்டு கால் குடுத்தா அவங்க வருவாங்களா டீச்சர்?" என்றாள். மறுபடி அடித்தேன். குழந்தையின் பெயர், வயது, இப்போது பத்திரமாக இருக்கிறாளா, காயத்துக்கு யாராவது பார்க்கிறார்களா என்று நிதானமாகக் கேட்டார்கள். சொன்னது யார் என்று வெளியே சொல்ல மாட்டோம் என்றார்கள். அதுவரை நல்லது. ஆனால் எங்கள் தெருவில் அந்த ரகசியம் மதியச் சாப்பாடு வரைகூடத் தாங்காது என்று எனக்குத் தெரியும்.

பிறகு எங்கள் சூப்பர்வைசருக்கும் சொன்னேன். நல்ல பெண், என் மகள் வயசு. "அக்கா, ரிடையர் ஆக எட்டு மாசம்தான் இருக்குது. வந்து கேட்டா கால்ல சுட்டுக்கிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ரிஜிஸ்டர எடுத்து நீட்டாதீங்க" என்றாள். என்மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னாள்.

நர்ஸ் வந்து காயத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். மருந்து வைத்துக் கட்டிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்றார். மதியத்துக்குமேல் மாவட்டத்திலிருந்து குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் ஒரு பெண் அதிகாரியும் அவரோடு ஒருவரும் வந்தார்கள். தகவல் போய் சுகன்யா கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் புருஷனும் வண்டியை நிறுத்திவிட்டு முதல் தடவையாக மையத்துக்குள்ளே வந்தார். வாசலில் பாதித் தெரு.

"புள்ளைங்கன்னா சுட்டுக்காதா மேடம்?" என்றார் அவர். "லீவு நாள்ல ஒரு தபா நடந்துச்சு. அதுக்கு இவ்வளோ பஞ்சாயத்தா?"

சுகன்யாவுக்கு மூச்சு வாங்கியது. "எம்பொண்ண நான் பட்டினியா போட்டேன்? டீச்சர் நோட்டுல பாருங்க மேடம். மாசா மாசம் டீச்சரே எழுதி இருக்குறாங்க. நான் கையெழுத்து போட்டிருக்கேன்."

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். சத்தமாகவே வாசித்தார். "'தாய் குழந்தையை நன்கு கவனிக்கிறார். வீடு சுத்தமாக உள்ளது.' பதினோரு மாசமும் இதேதான் இருக்குது. எடையும் பச்சையிலதான் இருக்குது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத எழுதினது நீங்கதானே டீச்சர்?"

நான் பேசாமல் இருந்தால் போதும். கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது, வரி ஒழுங்காக இருக்கிறது. ஒரே ஒரு நாள் நடந்த விபத்து என்று எழுதிக்கொண்டு, அப்பா அம்மாவைக் கண்டித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு மாலை போட்டு வழியனுப்புவார்கள். நாளைக்கோ மறுநாளோ மித்ரா அந்தப் பூட்டுக்குள் திரும்பிப் போவாள். அவளை அங்கே அனுப்பப்போவது என் கையெழுத்து.

"நான் எழுதினதுதான் மேடம். எழுதினது பொய்" என்றேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சாப்பாட்டுக்குப் பிறகு போட்ட எடை, பூட்டிய வீட்டை உள்ளே போய்ப் பார்த்த மாதிரி எழுதியது, டிரங்குப் பெட்டித் துணி. பாதியில் மல்லிகா குறுக்கே வந்தாள். "நானுந்தான் மேடம். தெனமும் கழுவி வுட்டது நான். பேன் எடுத்தது நான். முட்டை ரெண்டு குடுத்தேன், அதையும் எழுதிக்கோங்க. புள்ள அழகா இருக்கணும்னு பண்ணோம். இப்பிடி வந்து நிக்கும்னு தெரியாது." அந்த நேரத்திலும் அதிகாரிக்கு உதடு சிரிப்பில் கொஞ்சம் அசைந்தது.

"இத எழுதி கையெழுத்து போட்டுத் தருவீங்களா டீச்சர்? உங்க மேலயும் விளக்கம் கேப்பாங்க."

"தரேன் மேடம்."

மூன்று பக்கம் எழுதினேன். இத்தனை வருஷத்தில் பழைய வரியைப் பார்த்து எழுதாமல், சொந்தமாக நான் எழுதிய முதல் அறிக்கை அதுதான்.

சுகன்யா என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. சுவரில் சாய்ந்துகொண்டு மெல்லக் கேட்டாள்: "அப்போ ஏன் டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? காலைல நான் பாக்காம ஓடுவேன். ராத்திரி வந்து பாத்தா தலை வாரி பொட்டு வெச்சு இருப்பா. சரி, நல்லாத்தான் இருக்குறா போலன்னு நானும் இருந்துட்டேன்."

அவள் செய்தது தப்புத்தான். மூன்று வயசுக் குழந்தையைப் பூட்டிவிட்டுப் போனதற்கும், காயத்தைப் பார்த்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கும் அம்மா அப்பா இரண்டு பேருமே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்கும்போதே நான் சொல்லியிருக்கலாம்.

மித்ரா ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தாள். குழந்தைகள் நலக் குழுவில் விசாரித்து, பனமலையில் இருக்கும் அவள் பெரியம்மா வீட்டில் சில மாதங்கள் விட்டார்கள். அதற்குள் சுகன்யா கம்பெனியை விட்டு, டவுனிலேயே பிள்ளை மையத்தை விட்டு வரும் நேரத்துக்கு முடிகிற மாதிரி ஒரு தையல் கடையில் சேர்ந்தாள். அதிகாரிகள் அடிக்கடி வந்து பார்த்தார்கள், பேசினார்கள். அவள் புருஷன் அடியோடு மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளை வளர்ப்பது பொம்பளை வேலை என்றுதான் இன்னும் நினைக்கிறார். ஆனால் பூட்டுப் போடவில்லை. அதன்பிறகுதான் குழந்தையை வீட்டுக்குத் திரும்ப அனுப்பினார்கள். அவள் மையத்துக்குத் திரும்பி வந்தபோது நான் ரிடையர் ஆகியிருந்தேன்.

இதற்கிடையில் எனக்கு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், கண்டிப்போடு விட்டார்கள். தெருதான் லேசில் விடவில்லை. நாலு வீட்டில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். குழாயடியில் ஒருத்தி என் காதுபட, "பொட்டு வெச்ச கையாலயே போலீஸக் கூப்ட்டாங்கடி" என்றாள். கோபத்தில் சொன்னாலும் எத்தனை சரியாகச் சொன்னாள் பாருங்கள், அதையும் முடிந்துவைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் நாலு பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். மல்லிகா வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைக் கேட்டுவிட்டு, அழுக்காக வரும் பிள்ளையையெல்லாம் பார்த்துப் போனை எடுக்காதீர்கள். கடலைக்காய் பிடுங்கும் சமயத்தில் சிங்கவரம் பக்கத்துப் பிள்ளைகள் காதுக்குள்ளேகூடச் செம்மண்ணோடு வரும். விடியற்காலையில் அம்மாவோடு கடலைக் கொல்லை வேலைக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கும். அதன் முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் அதில் மஞ்சளோ மருந்தோ இருக்கும். 'அம்மா எங்கே?' என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டும். கையில் காசில்லாத வீடு வேறு, பிள்ளைமேல் ஒரு கண் வைக்காத வீடு வேறு. காசில்லாத வீட்டுக்குச் சத்துமாவும் ஒரு நல்ல வார்த்தையும் போதும். கண் வைக்காத வீட்டுக்கு அது போதாது. இரண்டு வீட்டுப் பிள்ளையும் ஒரே மாதிரி ஈரக் கவுனோடுதான் வாசலில் வந்து நிற்கும். ஒரு நாள் பார்த்துத் தெரியாது. பத்து நாள் எழுதி வைத்தால் தெரியும். தெரிந்த பிறகும் சந்தேகமாக இருந்தால் சொல்லிவிடுங்கள். சரியா தப்பா என்று விசாரித்துக் கண்டுபிடிக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னால் போதும்.

பவுடர் போடுங்கள். நன்றாகவே போடுங்கள். கழுவுவதற்கு முன்னால் பாருங்கள், பார்த்ததை எழுதுங்கள். துண்டை அதற்குப் பிறகு எடுங்கள். கழுவி அனுப்பினால் அன்று சாயங்காலமே பெற்றவளிடம், 'இன்றைக்கு உன் பிள்ளை இப்படி வந்தது' என்று முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடுமையாக வேண்டாம். ஆனால் விழுங்கிவிடாதீர்கள். பிள்ளைக்கு அடி, காயம், பயம் என்று தெரிந்தால் மட்டும் வீட்டில் போய்ப் பேசாமல் நேராக மேலே சொல்லுங்கள். இந்த வித்தியாசம் எனக்குப் பதினொரு மாதம் தாமதமாகத்தான் புரிந்தது.

ரிடையர் ஆகி ஒரு வருஷம் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் சுகன்யா. கூடவே பள்ளிக்கூட யூனிபாரத்தில், முன்பல் இல்லாமல், குச்சி ஐஸ் சாயம் வாயெல்லாம் வழிய மித்ரா. சுகன்யா என்னைப் பார்த்துவிட்டாள். அந்த நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதில்லை. ஆனால் அன்று நகர்ந்து போகவில்லை. நான் மித்ராவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவின் புடவையை இழுத்தாள்.

"யாரும்மா இவங்க? என்னப் பாத்தே சிரிக்கிறாங்க."

மடியில் வைத்துச் சோறு ஊட்டிய குழந்தை. என் முகமே ஞாபகம் இல்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சுகன்யா பஸ் வரும் பக்கம் பார்த்தபடியே, "போன் பண்ணுன டீச்சர்" என்றாள்.

"யாருக்கு பண்ணாங்க?"

பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது. சுகன்யா மகளின் வாயை முந்தானையால் துடைத்து, கையைப் பிடித்துப் படிப் பக்கம் இழுத்தாள். என் பக்கம் திரும்பாமலே மகளுக்குச் சொன்னாள்.

"உனக்காகத்தான்டி. ஏறு."